பின்கட்டின் கூரை: மூடுவதா, காற்றோட விடுவதா?

வெயிலையும் மழையையும் ஒருங்கே தாங்க வேண்டிய கூரையை இறுக மூடுவது நன்றா, காற்றோடும்படி விடுவது நன்றா என்னும் வினா, பூமத்திய ரேகையை அடுத்த நாடுகளில் மனிதர் வீடு கட்டத் தொடங்கிய காலம் முதலே கேட்கப்பட்டு வருகிறது. சிங்கப்பூரில் கடந்த இருநூறு ஆண்டுகளில் இதற்குப் பல விடைகள் தோன்றின. ஒவ்வொன்றும் தன் காலத்தில் போதுமானதென்றே கருதப்பட்டது. ஒன்றேனும் அடியோடு மறைந்துவிடவில்லை. அவ்விடைகள் அனைத்தும் ஒரே இடத்தில் சந்தித்து ஒன்றோடொன்று முரண்படுவதைக் காண வேண்டுமாயின், லிட்டில் இந்தியாவில் உள்ள பழைய கடைவீடுகளின் பின்கட்டைப் பார்த்தால் போதும்.

சிராங்கூன் சாலையிலிருந்து கிளைத்துச் செல்லும் டன்லப் ஸ்திரீட், கேம்பல் லேன், கெர்பாவ் ரோடு போன்ற தெருக்களில் அகலம் குறுகி நீளம் மிகுந்து வரிசையாக நிற்கும் இவ்வீடுகளில், முன்கட்டை ஓட்டுக்கூரை மூடியிருக்கும். அதன் பின்னே வானம் பார்த்த முற்றம். முற்றத்துக்கு அப்பால், சமையலுக்கும் குளியலுக்குமென்று ஒதுக்கப்பட்ட, உயரம் குறைந்த பின்கட்டு. அடுப்புப் புகை வெளியேற வேண்டும், பெருமழை உள்ளே கொட்டக்கூடாது என்பவற்றுக்கு மேல் அப்பின்கட்டின் கூரையிடம் எவரும் எதையும் எதிர்பார்த்ததில்லை. இன்று அதே இடம் படுக்கையறையாகவோ, அலுவல் அறையாகவோ, விருந்தினர் தங்கும் அறையாகவோ மாற்றப்பட்டு, ஜன்னல்கள் கண்ணாடியிட்டு அடைக்கப்பட்டு, குளிர்சாதனமும் பொருத்தப்படும்போது, கூரையின் கடமையே வேறாகிவிடுகிறது. முன்பு புகையை வெளியே விட வேண்டிய கூரை இப்போது குளிரை உள்ளே காக்க வேண்டும். முன்பு எப்பக்கமும் உலர இடமிருந்த மரச்சட்டம் இப்போது இரு பலகைகளுக்கிடையே அடைபட்டுக் கிடக்க வேண்டும். இம்மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாமல், எங்கோ வேறொரு வீட்டுக்குப் பொருந்திய விடையை எடுத்து இங்கே பொருத்துவதனாலேயே பெரும்பாலான கூரைக் கேடுகள் விளைகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

சீதோஷ்ணம் விதிக்கும் நிபந்தனைகள்

சிங்கப்பூரில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும், நண்பகலில் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. ஏனைய மாதங்களிலும் அது அதிகம் சாய்வதில்லை. ஆகவே வெயிலின் பெரும்பங்கு சுவர்களின் மீதன்றிக் கூரையின் மீதே விழுகிறது. பக்கச்சுவர் இரண்டையும் அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளும் வரிசை வீட்டிலோ, உஷ்ணம் நுழையக் கூரையைப் போன்ற பெருவழி வேறில்லை.

மழையின் அளவு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். வடகிழக்குப் பருவத்தில் நாட்கணக்கில் நீடிக்கும் மழை ஒருவகை. பருவங்களுக்கிடையே பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்க்கும் மழை மற்றொருவகை. சுமத்ராத் தீவின் பக்கமிருந்து பின்னிரவிலும் விடியற்காலையிலும் காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை மூன்றாவது வகை. நேர்கீழாக விழும் மழையைத் தடுக்கும் கூரை, கீழிருந்து மேலாக ஓட்டின் இடுக்குக்குள் புகும் சாய்மழையைத் தடுக்கும் என்று சொல்வதற்கில்லை.

இவை யாவரும் அறிந்தவை. அவ்வளவாகக் கவனிக்கப்படாத மூன்றாவது நிபந்தனை ஒன்று உண்டு. பகலில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையிலும், இரவில் 24, 25 டிகிரி அளவிலும் நிற்கும் இந்நகரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் இருப்பதால், அக்காற்றிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, அதாவது பனிநிலை, இரவும் பகலும் ஏறக்குறைய 24 டிகிரியிலேயே நிற்கிறது. குளிர்சாதனம் இல்லாத வீட்டில் எந்தப் பொருளும் அந்த அளவுக்குக் கீழே குளிர்வது அரிது. குளிர்சாதனம் உள்ள அறையிலோ அந்த அளவே மக்கள் விரும்பி வைக்கும் அளவாக இருக்கிறது. கூரையைப் பற்றிய இக்காலத்து விவாதம் முழுவதும் இந்த ஓர் எண்ணைச் சுற்றியே நடக்கிறது என்று கூறினால் மிகையாகாது.

ஓலையும் ஓடும்

முதல் விடை அத்தாப்பு ஓலை வேய்ந்த கூரை. எடை குறைந்தது, உஷ்ணத்தைச் சேமித்து வைக்காதது, ஓலைகளின் இடைவெளி வழியே காற்று எளிதில் ஊடாடுவதால் நனைந்தாலும் விரைவில் உலர்வது. வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஒருசேர விடைகூறிய இக்கூரை நெருப்புக்கு மட்டும் விடை கூறவில்லை. 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பில் மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர்; அத்தாப்பு வீடுகளின் காலம் முடிவுக்கு வந்ததை அந்நிகழ்ச்சி விரைவுபடுத்தியது.

நகரின் மையத்தில் அம்முடிவு அதற்கு வெகுகாலம் முன்பே விரும்பப்பட்டிருந்தது. 1822இல் ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவுக்கு விடுத்த கட்டளைகளிலேயே, செங்கல்லும் ஓடும் கொண்ட வீடுகள் ஒரே சீரான முகப்போடும் தொடர்ச்சியான நடைபாதையோடும் அமைய வேண்டும் என்ற எண்ணம் இடம்பெற்றது. 1819இல் அவருடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை நிறுவியதும், சிராங்கூன் சாலைப் பக்கத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளைகள் பெருகியதும், அவ்வட்டாரத்தைத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்துவந்ததும், இக்கட்டடக் கலையில் நம்மவர் உழைப்பு எவ்வளவு ஆழமாகக் கலந்திருக்கிறது என்பதற்குச் சான்றுகள்.

கடைவீட்டின் ஓடு மெருகிடப்படாத, வளைந்த சுடுமண் ஓடு. கைமரங்களின் மீது ரீப்பர் அடித்து, ஓட்டின் மேல் ஓடு ஏறும்படி அடுக்கி, முகட்டைச் சுண்ணாம்புச் சாந்தால் மூடுவார்கள். இக்கூரை நீரைத் தடுப்பது ஒட்டுதலால் அன்று. சாய்வாலும் அடுக்காலும் மட்டுமே. ஓடு சிறிது நீரைக் குடிக்கும். வெயில் வந்ததும் அதை ஆவியாக விட்டுவிடும். அடியில் நுழைந்த துளியும் காற்றில் உலர்ந்துபோகும். மரம் பல தலைமுறை நின்றதற்கு அதன் சாதி மட்டும் காரணமன்று, எப்பக்கமும் உலர வழியிருந்ததும் காரணமாகும்.

இம்முறையின் பலவீனம், இடையறாத பராமரிப்பை வேண்டுவது. நழுவிய ஓட்டை ஏற்றிவைக்கவும், வெடித்த முகட்டுச் சாந்தைப் புதுப்பிக்கவும் ஆள் வேண்டும். 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001 வரை நடைமுறையில் இருந்தது. அற்ப வாடகை பெற்ற உரிமையாளர்களில் பலர் கூரைக்குச் செலவிட முன்வரவில்லை என்பதும், இடநெருக்கடியால் குடியிருந்தோர் முற்றத்தின் மீதும் பின்கட்டின் மீதும் தகரத்தையும் கல்நார் அட்டையையும் போட்டு மூடிக்கொண்டனர் என்பதும் அக்காலத்து நிலைமை. ஓட்டுக்கூரை தோற்றது என்று இன்று கூறுவோர், அது பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்ததையும் சேர்த்தே எண்ணிப்பார்ப்பது நியாயம்.

கனத்த கூரை

இரண்டாவது விடை எடையை நம்பியது. தமிழ்நாட்டில் மெட்ராஸ் டெரஸ் என்று பெயர்பெற்ற மாடிக் கூரையில், தேக்கு உத்திரங்களின் மீது மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை இட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, நாட்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்து முடிப்பார்கள். சுண்ணாம்பைப் பக்குவப்படுத்தும் அதே கைவழக்கத்தின் மற்றொரு கிளை சிங்கப்பூருக்கும் வந்தது. 1861இல் முடிவுற்ற செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு இந்தியக் கைதிகள் பூசிய சாந்து, சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றால் ஆனது.

சென்னையில் தக்கவாறு இயங்கும் கனத்த கூரை சிங்கப்பூரில் அதே பயனைத் தருமா என்பது வேறு விஷயம். கனத்த பொருள் உஷ்ணத்தைத் தடுப்பதில்லை; தாமதப்படுத்துகிறது. பகலில் குடித்ததை இரவில் உமிழ்கிறது. பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை பெரிதும் வேறுபடும் வறண்ட பிரதேசங்களில் இத்தாமதம் நன்மை. ஏழெட்டு டிகிரிக்கு மேல் வேறுபாடில்லாத ஊரில், படுக்கையறைக்கு மேலே இரவு முழுவதும் சூடு உமிழும் பலகை ஒன்று இருப்பது நன்மையாகாது. மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராகவும் பின்னர் இந்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராகவும் பணியாற்றி, 1963இல் ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவில் ஒருவராகச் சிங்கப்பூருக்கு வந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், ராபர்ட் லின்னுடன் சேர்ந்து 1965இல் வெளியிட்ட வெப்ப ஈரப் பிரதேசக் கூரைகள் பற்றிய நூல், இத்துறையில் முதன்மையான ஆராய்ச்சிகளுள் ஒன்று. கூரையின் உள்முகம் அறைக்காற்றைக் காட்டிலும் மிகுதியாகச் சூடேறாமல் பார்த்துக்கொள்வதே இப்பிரதேசத்தில் முதற்கடமை என்னும் நோக்கு அந்த ஆராய்ச்சி வழியில் வலுப்பெற்றது. அதன்படி பார்த்தால், பின்கட்டுகளின் மீது பிற்காலத்தில் வார்க்கப்பட்ட தட்டையான கான்கிரீட் கூரை இரு வகையிலும் குறையுடையது: சுண்ணாம்புக் காரையைப் போல் ஈரத்தை வாங்கிவிடுவதில்லை, தானாகவே வெப்பத்தைத் தடுப்பதுமில்லை. ஐந்து சென்டிமீட்டர் ராக்வுல், அதாவது பாறையிழைப் பஞ்சு, தரும் வெப்பத்தடையைக் கான்கிரீட் மட்டும் தர வேண்டுமாயின், அதன் கனம் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டியிருக்கும்.

தட்டைக் கூரையின் நீர்த்தடை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தார் கலந்த படலத்தை நெருப்பால் உருக்கி ஒட்டினாலும், பாலியூரித்தேன் திரவத்தைப் பூசினாலும், வாட்டம் சரியாக இல்லையேல் நீர் தேங்கும். தேங்கிய நீரும் நேர்வெயிலும் மாறி மாறித் தாக்கினால் எந்தப் படலமும் நெடுநாள் நில்லாது. படலத்தின் பெயரைக் குறித்து விவாதிப்போர் வாட்டத்தைக் குறித்துப் பேசாமலிருப்பது வருந்தத்தக்கது.

இரட்டைக் கூரை

1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் உயர்ந்த அடுக்குமாடிகளைத் தட்டைக் கூரையோடு கட்டியபோது, மேல்தளத்து வீடுகளின் வெக்கை அதன்முன் எழுந்த பிரச்சினைகளுள் ஒன்றாயிற்று. கழகம் கையாண்ட யுக்தி எளிமையானது. கூரையின் மீது குட்டைக் கால்களை நிறுத்தி, அவற்றின்மேல் மெல்லிய முன்வார்ப்புப் பலகைகளைப் பரப்பி, இரண்டுக்கும் இடையே காற்று ஓட விடுவது. வெயில் மேற்பலகையிலேயே தங்கிவிடுகிறது; இடைக்காற்று அச்சூட்டை அடித்துச் செல்கிறது; அடியிலுள்ள கூரையும் அதன் நீர்த்தடைப் படலமும் நிழலில் இருப்பதால் ஆயுள் நீடிக்கிறது. அப்பலகைகளுக்குப் பொருத்தமான ஃபெரோசிமெண்ட், அதாவது நெருங்கிய கம்பிவலையின் மீது சிமெண்டுச் சாந்து பூசிச் செய்யும் மெல்லிய தகடு, பற்றிச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. பரமசிவமும் அவருடன் பணிபுரிந்தோரும் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

ஓலைக்குப் பின் வந்த விடைகளுள் வெப்பத்தையும் ஈரத்தையும் ஒன்றுக்கொன்று பகையாக்காமல் தீர்த்தது இதுவே. குறைகளும் இல்லாமலில்லை. பலகைகளுக்கடியில் சருகு சேரும். நீர் நின்றால் கொசு பெருகும், டெங்கிக் காய்ச்சலுக்கு அஞ்சும் ஊரில் அது சிறிய குற்றமன்று. ஒழுக்கு எங்கே என்று தேடுவதற்குப் பலகைகளை எடுக்க வேண்டும். செங்கற்சுவர் மீது நிற்கும் பழைய பின்கட்டு அந்த மேலதிக எடையைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் ஒருவர் ஆராய்ந்தே சொல்ல முடியும். எடையைக் குறைக்க வேண்டி, மேற்பலகைக்குப் பதிலாக உலோகத் தகட்டைப் பரப்பி இடைவெளியை மட்டும் காப்பது இப்போது பெருகிவரும் மாற்றுமுறை.

குளிர்சாதனமும் ஆவித்தடையும்

அறையைக் குளிரூட்டும் வழக்கம் பரவியதும் விவாதத்தின் அடிப்படை மாறியது. 1979இல் கட்டட விதிகள் குளிரூட்டிய கட்டடங்களின் வெளியுறை வழியே புகும் உஷ்ணத்துக்கு வரம்பு விதித்தன. கட்டட, கட்டுமான ஆணையத்தின் இக்கால நெறிமுறை, குளிரூட்டிய கட்டடத்தின் கூரை ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளதாயின், சதுர மீட்டருக்கு ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 0.5 வாட்டுக்கு மேல் வெப்பம் கடத்தலாகாது என்கிறது. 230 கிலோவுக்கு மேற்பட்ட கனத்த கூரைக்கு 1.2 வாட் வரை இடந்தருகிறது. ஆனால் இவ்வெண்கள் வெப்பத்தின் போக்கை அளப்பன; ஆவியின் போக்கை அளப்பன அல்ல. கேடு பெரும்பாலும் இரண்டாவதிலிருந்தே வருகிறது.

ஆவித்தடை என்னும் கருத்து குளிர்நாடுகளில் பிறந்தது. 1930களில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ரௌலி நடத்திய சோதனைகள், உள்ளே சூடேற்றிய வீட்டின் ஈரம் வெளியே உறைபனியை நோக்கிச் செல்லும் வழியில் சுவருக்குள் படிவதைக் காட்டின. ஆகவே தடைப்படலத்தை அறையின் பக்கம் வைக்க வேண்டும் என்ற விதி பிறந்தது. 1950களின் இறுதியில் ஜெர்மானியரான கிளேசர் அதைக் கணக்கிடும் எளிய முறை ஒன்றை வகுத்தார். பாடநூல்களும் பொருள் விற்போரின் விளக்கத் தாள்களும் அவ்விதியை உலகெங்கும் கொண்டு சென்றன.

சிங்கப்பூரில் இவ்விதியின் திசை தலைகீழாகிறது. இங்கே ஈரமும் சூடும் வெளியே. வறட்சியும் குளிரும் உள்ளே. ஆவி வெளியிலிருந்து அறையை நோக்கி வருகிறது. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல், 23 டிகிரிக்குக் குளிர்ந்த உட்கூரைப் பலகையின் மேல்முகம், 24 டிகிரிப் பனிநிலை கொண்ட காற்றைத் தொட்டதும் நனைகிறது. குளிர்நாட்டு விதியைப் பின்பற்றித் தடைப்படலத்தை வெப்பத்தடைப் பஞ்சுக்கு அடியில், அறைப்பக்கமாக வைத்தால், மேலிருந்து வரும் ஆவி பஞ்சுக்குள் எளிதாகப் புகுந்து, குளிர்ந்த படலத்தின் மேல் நீராகித் தேங்கி, வெளியேற வழியின்றி அங்கேயே கிடக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் குளிரூட்டிய விடுதிகளில், உட்சுவரில் ஒட்டிய வினைல் தாளுக்குப் பின்னே பூஞ்சணம் படர்ந்ததற்கும் இதுவே காரணம். நனைந்த பஞ்சு வெப்பத்தையும் தடுப்பதில்லை. ஏனெனில், அசைவற்ற காற்றைக் காட்டிலும் நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவது. ஆகவே ஈரத்தை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் தடுக்க முயல்பவர் இரண்டையும் இழக்கிறார்.

எனவே இப்பிரதேசத்துக்குரிய பொதுவிதி, தடைப்படலம் பஞ்சின் வெளிப்பக்கம், அதாவது ஓட்டை நோக்கிய பக்கம், இருக்க வேண்டும் என்பதும், உட்பக்கம் சிறிதளவேனும் உலரும்படி விடப்பட வேண்டும் என்பதுமாகும். அலுமினியத் தாள் இங்கே இருவகையில் உதவுகிறது. சூடேறிய ஓட்டிலிருந்து கீழ்நோக்கி வரும் உஷ்ணத்தில் பெரும்பங்கு கதிர்வீச்சாகவே வருவதால், தூசு படியாத பளபளப்பான தாள், காற்றிடைவெளியை நோக்கி இருக்குமாயின், அதில் ஏறக்குறைய 95 சதவீதத்தைத் திருப்பிவிடும். அதே தாள் ஆவிக்கும் தடையாகும். ஓட்டோடு ஒட்டிப் பதித்தால் கதிர்வீச்சைத் திருப்பும் பயன் போய்விடும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இவ்விதிக்கும் விமர்சனங்கள் உண்டு. முதலாவது, ஆவி பொருளின் ஊடே பரவுவதைக் காட்டிலும், காற்று இடுக்கு வழியே பாய்ந்து அள்ளிவரும் ஈரம் பன்மடங்கு மிகுதி. ஆகவே ஒட்டப்படாத ஓர் இணைப்பு, நன்றாக விரித்த தாள் முழுவதையும் பயனற்றதாக்கக்கூடும். இரண்டாவது, கிளேசர் முறை நிலையான வேறுபாட்டை வைத்துக் கணக்கிடுவது. இரவில் மட்டும் குளிரூட்டிப் பகலில் நிறுத்திவிடும் படுக்கையறைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது ஐயம். மூன்றாவது, 1990களில் ஜெர்மனியில் உருவான, ஈரம் மிகும்போது தானே திறந்து குறையும்போது மூடிக்கொள்ளும் படலங்களை இங்கே வெளிப்பக்கம் வைத்தால், வெளிக்காற்று எந்நாளும் ஈரமாக இருப்பதால் அவை பெரும்பாலும் திறந்தே கிடக்கும். குளிர்நாட்டில் சாதுரியமான பொருள் இங்கே தன் சாதுரியத்தை இழக்கிறது.

ஓட்டின் அடிமுகத்தில் பாலியூரித்தேன் நுரையைப் பீய்ச்சி ஒட்டவைக்கும் முறை, வெப்பம், காற்று, ஆவி மூன்றையும் ஒரே செயலில் அடைப்பதால் கவர்ச்சியானது. ஆயினும் நழுவும் ஓட்டை அது மறைத்துவிடுகிறது. கைமரத்தின் மேல்முகத்தில் தங்கும் நீருக்கு உலர வழியில்லாமற் செய்கிறது. பின்னர் எடுக்க முயன்றால் ஓடும் உடைகிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைக் கடந்து நீடித்தால் உளுப்புக் காளானுக்கும், ஈரமரத்தை நாடும் கரையானுக்கும் இடமாகும். பழைய வீட்டுக்கு இம்முறையைப் பரிந்துரைக்கத் தயங்குவதே பொறுப்பான செயல்.

பிரதிபலிப்பும் பசுமையும்

வெயிலைக் கூரைக்கு வெளியிலேயே திருப்பிவிடும் வெண்ணிறப் பூச்சுகளை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆராய்ந்துள்ளது; கூரைத் தோட்டத்தின் பயனைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வோங் நியூக் ஹியனும் குழுவினரும் 2003இல் வெளிவந்த ஆய்வில் அளந்து காட்டினர். இரண்டும் பயனுள்ளவை, ஆனால் பூச்சு பாசியாலும் புகையாலும் கறுக்கும்போது பயன் குறைகிறது, தோட்டமோ எடையையும் நிலையான ஈரத்தையும் பழைய சுவரின் மேல் ஏற்றுகிறது. தட்டைக் கூரையுள்ள பின்கட்டுக்கு முன்னதைத் துணைமுறையாகக் கொள்ளலாம்.

ஒழுக்கும் வியர்வையும்

நோயை அறியாமல் மருந்து கொடுப்பது இத்துறையிலும் நிகழ்கிறது. உட்கூரையில் பழுப்பு வளையம் தோன்றியதும் ஓட்டின்மேல் மற்றொரு படலம் பூசப்படுகிறது. அந்தக் கறை ஒழுக்கால் வந்ததா, வியர்வையால் வந்ததா என்று எவரும் கேட்பதில்லை. மழைக்குப் பின் சில மணி நேரத்தில் பெருகி, விளிம்பு தெளிவாக, ஒரு மூலையிலோ சுவரோரத்திலோ நிற்கும் கறை பெரும்பாலும் ஒழுக்கு. மழையில்லாத வாரத்திலும் வளர்ந்து, குளிர்காற்று நேரே படும் இடத்திலோ, விளக்குக்காக அறுத்த வட்டத் துளையைச் சுற்றியோ கறும்புள்ளிகளாகப் படர்வது பெரும்பாலும் வியர்வை. அவ்விளக்குத் துளைகளைக் கூர்ந்து நோக்குவது பயன் தரும்: பலகையை அறுத்து, அதன் மேலிருந்த பஞ்சையும் ஒதுக்கி, தாளையும் கிழித்து விளக்கைப் பொருத்திய இடத்தில், கூரைவெளியின் ஈரக்காற்று குளிர்ந்த விளிம்பைத் தொட வழி கிடைக்கிறது, ஓர் அறையில் ஆறு விளக்குகள் என்றால் ஆறு வளையங்கள். உலோகத் தகட்டுக் கூரையிலோ மூன்றாவது ஒரு காரணமும் உண்டு. தெளிந்த இரவில் தகடு வானை நோக்கி வெப்பத்தை இழந்து காற்றைவிடக் குளிர்ந்து, அடிமுகத்தில் வியர்த்து, விடியற்காலையில் சொட்டுகிறது.

ஒழுக்கிலும் பெரும்பகுதி கூரையின் நடுவே தோன்றுவதில்லை. பின்கட்டின் சாய்கூரை முன்கட்டின் சுவரைச் சந்திக்கும் கோட்டிலும், பொதுச்சுவரை ஒட்டிய விளிம்பிலும், இரு சாய்வுகள் கூடும் கூடல்வாயிலும் தோன்றுகிறது. அங்கே பதிக்கும் உலோகத் தகடு, சுவரில் வெட்டிய காடியில் நுழைந்து, மேலே பூச்சால் மூடப்பட வேண்டும். சுவரின் முகத்தில் சிலிக்கான் பசையால் ஒட்டி விட்டுவிடுவது சில ஆண்டுகளில் பிரிந்து, சுவரில் ஓதம் இறங்கக் காரணமாகிறது. பழைய சுண்ணாம்புச் சுவரின் மீது சிமெண்டுப் பூச்சோ ரப்பர்ப் பூச்சோ அடிப்பதும் அதே வரிசையில் வைக்கத்தக்க தவறு; உள்ளே இறங்கிய நீர் வெளியேறாமல் அது தடுத்துவிடும்.

பாதுகாப்பு விதிகளின் எல்லை

லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. இயன்றவரை பழையதைத் தக்கவைத்தல், மூலத்துக்கு இசைய மீட்டமைத்தல், கவனமாகச் செப்பனிடுதல் என்பவை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அடிப்படைக் கொள்கைகள். தெருவை நோக்கிய கூரையில் சுடுமண் ஓடே இருக்க வேண்டும். பின்புறச் சேர்க்கை முன்கட்டை விஞ்சி நிற்கலாகாது. இவை உரிமையாளருக்குத் தடை என்று சிலர் கருதினாலும், ஓட்டுக்கு அடியில் நீர்த்தடை விரிப்பையும் வெப்பத்தடையையும் மறைவாக அமைப்பதற்கு வழி இருப்பதால், வெளித்தோற்றமும் உள்நலமும் இங்கே உண்மையில் மோதுவதில்லை.

அதே 1989ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் கல்நார் பயன்படுத்துவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய பின்கட்டின் மேல் கிடக்கும் சாம்பல்நிற நெளியட்டை கல்நாராக இருக்கக்கூடும் என்பதால், அதை உடைப்பதற்கு முன் பரிசோதித்தல் இன்றியமையாதது. தீயைப் பற்றியும் ஒரு சொல். 2017 மே மாதம் தோ குவான் ரோட்டில் தொழிற்கட்டடம் ஒன்றில் ஓர் உயிரைப் பறித்த தீ, வெளிமுகப் பலகைகளின் வழியே பரவியது. பொதுச்சுவர்களால் இணைந்த வரிசை வீடுகளில் எரியும் நுரையைக் காட்டிலும் எரியாத ராக்வுல்லைத் தேர்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

தீராது நிற்பவை

இதுவரை கண்டவற்றிலிருந்து, குளிரூட்டப்படும் பின்கட்டுக்குச் சாய்வான ஓடு, அதனடியில் நீர்த்தடை விரிப்பு, காற்றிடைவெளி, இடைவெளியை நோக்கிய தாளோடு கூடிய ராக்வுல், ஆவியை ஓரளவு விடும் உட்பலகை என்னும் வரிசை மற்றெல்லாவற்றைக் காட்டிலும் குறைந்த ஆபத்துடையதாகத் தோன்றுகிறது. குளிரூட்டப்படாத பின்கட்டுக்கு இவ்வளவும் தேவையில்லை. தாளும் காற்றோட்டமும் போதும்.

ஆனால் இம்முடிவு சில இடங்களில் இன்னும் உறுதிப்படவில்லை. இடைவெளியைக் காற்றோட விடுவது பகலில் சூட்டை நீக்கி, நுழைந்த நீரை உலர்த்துகிறது. இரவிலோ 24 டிகிரிப் பனிநிலை கொண்ட காற்றையே குளிர்ந்த கூரைக்குள் அழைத்து வருகிறது. இவ்விரண்டில் எது விஞ்சும் என்பது கூரையின் சாய்வையும், திசையையும், குளிர்சாதனம் இயங்கும் நேரத்தையும் பொறுத்தது. முழுவதும் அடைத்த கூரையே மேல் என்று வாதிடுவோரிடம், அதில் ஒருமுறை நுழைந்த மழைநீர் எவ்வழியே வெளியேறும் என்ற கேள்விக்குத் திருப்தியான விடையில்லை. திறந்த கூரையே மேல் என்போரிடம், வடகிழக்குப் பருவத்தில் வெயிலே காணாத வாரங்களில் மரம் எவ்வாறு உலரும் என்ற கேள்விக்கு விடையில்லை. இதைத் தீர்க்க வல்லது வாதமன்று, அளவீடு. ஒரே தெருவில் இருவகைக் கூரைகளைத் தேர்ந்து, பொதுச்சுவருக்குள் புதைந்திருக்கும் கைமர முனைகளின் ஈரத்தைப் பல பருவங்கள் தொடர்ந்து பதிவு செய்தால், அடைப்பதா திறப்பதா என்ற வினாவில் இன்று அபிப்பிராயமாக நிற்பவற்றுள் பெரும்பகுதியைச் சோதித்துப் பார்க்க இயலும்.